பெயர் எழுதாத சீட்டு

2024 நவம்பர் 11, திங்கள்

சனிக்கிழமை ஒரு சிறிய தவறு செய்தேன். சிறியது என்று எழுதிவிட்டேன், அப்படித்தானா என்று தெரியவில்லை. வரிசையாக எழுதிப் பார்க்கிறேன்.

எங்கள் சபையில் வீட்டுக்கு ஒரு எண் உண்டு. ஜெபவிண்ணப்பச் சீட்டில் அந்த எண் அச்சிட்டிருக்கும். பெயர் எழுத விருப்பமில்லாதவர்கள் எழுத வேண்டாம். போதகர் (நாங்கள் அச்சன் என்போம்) எண்ணைப் பார்த்து, யாருக்கும் தெரியாமல் அந்த வீட்டுக்குப் போய் ஜெபித்துவிட்டு வருவார். சனிக்கிழமை பெட்டியைத் திறந்து சீட்டுகளை ஒரு தாளில் படியெடுத்துக் கொடுப்பது எட்டு மாதமாக என் வேலை. தாளில் மூன்று கட்டங்கள்: எண், பெயர், விண்ணப்பம். ஞாயிறு ஆராதனையில் அச்சன் அதை வாசிப்பார். பெயர் இல்லாததை "ஒரு குடும்பத்தார்" என்று வாசிப்பார்.

இந்த வாரம் பதினொரு சீட்டுகள். ஒன்றில் மட்டும் பெயர் இல்லை. "என் புருஷன் அஞ்சு மாசமா குடிக்காம இருக்காரு, ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்" என்று பென்சிலில் எழுதியிருந்தது. எனக்கு வெறும் கட்டத்தைப் பார்க்கச் சகிக்காது. குடும்பப் பதிவேட்டை எடுத்து, 84-ஆம் எண்ணைத் தேடி, "சிபி" என்று எழுதினேன். எழுதும்போது ஒரு வேலையை முழுதாக முடித்த நிறைவுகூட இருந்தது.

நேற்று அச்சன் இன்னொரு சபையில் காலை ஆராதனையை முடித்துவிட்டு ஓடி வந்திருந்தார். தாளில் இருந்ததை அப்படியே வாசித்தார். பின்னால் யாரோ சிரித்தார்கள். நாலாவது பெஞ்சில் இருந்த சிபி அண்ணன் தன் முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தார். முன்னால் இருந்த கனகதாஸ் மாமா திரும்பி அவரைப் பார்த்தார். பூவாரில் சுற்றுலாப் படகு விடுகிறவர் கனகதாஸ் மாமா. செப்டம்பரிலிருந்து அதில் ஒரு படகை ஓட்டுகிறவர் சிபி அண்ணன்.

இன்று சாயங்காலம் நான் வேலை பார்க்கும் நகல் கடையிலிருந்து வரும்போது அண்ணனின் மனைவி ஜெயபாய் அக்கா குன்னத்துகால் பஸ் ஸ்டாப்பில் எனக்காக நின்றிருந்தார்.

"மக்கா, நான் பேரு எழுதல்லியே. எழுதினேனா?"

"இல்லக்கா."

"பின்ன எப்படி வந்தது?"

சொன்னேன். அக்கா திட்டவில்லை. குடையை மடக்கினார், விரித்தார், மறுபடி மடக்கினார். மழை இல்லை.

"வேலைக்குச் சேரும்போ கனகதாஸண்ணன் கேட்டிருக்காரு, குடி உண்டான்னு. இவரு, தொட்டதே இல்லன்னு சொல்லிப்போட்டாரு. இப்ப டீக்கடையில 'எலே சிபி, இன்னைக்கும் ஸ்தோத்திரம்தானா?'ன்னு கேக்குதானுவ. அஞ்சு மாசமா கள்ளுக்கடை வழியே போவாத மனுசன். நேத்து சாயங்காலம் செருப்பை மாட்டீட்டு வாசல்ல நின்னாரு. எங்கன்னு நான் கேக்கல்ல. கொஞ்ச நேரம் நின்னுட்டு உள்ள வந்தாரு. இன்னைக்கும் அப்படி உள்ள வருவாரான்னு எனக்குத் தெரியாது மக்கா."

நவம்பர் 12, செவ்வாய்

பாறசாலையில் காலை ஒன்பதிலிருந்து ஐந்தரை வரை நகல் எடுத்தேன். பிறகு பஸ், அமரவிளையில் அரை மணி நேர நெரிசல், நெய்யாற்றின்கரையில் மாலை வேதபாட வகுப்பு. இந்த வாரத் தலைப்பு: உண்மை எப்போது அன்பாகிறது? இரண்டு பக்கம் எழுத வேண்டும். ஒரு பத்தி எழுதினேன். பிழை ஒன்றும் இல்லை. ஆனால் அதை ஜெயபாய் அக்காவிடம் வாசித்துக் காட்ட என்னால் முடியாது. அடித்துவிட்டேன்.

எங்கள் சபையிலிருந்து ரெஜித்தும் இந்த வகுப்புக்கு வருகிறான். "நீ எதுக்கு உதாரணம் தேடுதே? ஊரு முழுக்க கேட்டதாக்கும்" என்றான். நானும் சிரித்தேன். ஏன் சிரித்தேன் என்று தெரியவில்லை.

ஒன்று மட்டும் யோசித்தேன். தாளில் நான் எழுதியது பொய் இல்லை. எண் சரி, பெயர் சரி, செய்தியும் சரி. அப்படியென்றால் எது தவறு? அந்தப் பெயரை எழுதுவதா வேண்டாமா என்பது அவர்கள் கையில் இருந்தது. அதை நான் எடுத்துக்கொண்டேன். இதற்கு மேல் யோசிக்க முடியவில்லை. கண் எரிகிறது.

நவம்பர் 13, புதன்

கனகதாஸ் மாமா கடைக்கு வந்தார். படகு உரிமத்தின் நகல் வேண்டும் என்றார். நகலை வாங்கி மடித்துப் பையில் வைத்த பிறகும் போகவில்லை.

"பிள்ளே, ஞாயிற்றுக்கிழமை வாசிச்சது நம்ம சிபியா? இல்ல வேற சிபியா?"

இன்னொரு சிபி உண்டு. 48-ஆம் எண், துபாயில் இருக்கிறார். இன்று காலையில்தான் ஜெயபாய் அக்கா போனில் கேட்டார்: "நம்பர் மாறிப்போச்சுன்னு ஒரு வாக்கு சொல்லு மக்கா. அந்தச் சிபி துபாயில கெடக்காரு, ஆரும் போய்க் கேக்கப் போறதில்ல." யோசித்துச் சொல்கிறேன் என்றிருந்தேன். யோசித்து முடிப்பதற்குள் மாமா வந்துவிட்டார்.

"மாமா, சீட்டில பேரு இல்ல. பேரு எழுதினது நான். எழுதியிருக்கக் கூடாது."

"நான் அதையா கேட்டேன்?"

"மத்ததை நான் சொல்ல மாட்டேன். அவரிட்ட கேளுங்க."

மாமா நாற்காலியில் உட்கார்ந்தார். கோபப்படவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. "போன வருசம் எனக்க போட்டை ஒருத்தன் குடிச்சுட்டு ஓட்டினான். நாலு பிள்ளைங்க உள்ள இருந்தது. கரையில மோதிச்சு. தெய்வம் காத்தது. அதுக்குப் பிறகு ஒவ்வொருத்தனிட்டயும் கேட்டுத்தான் எடுக்குதேன். இவன் எனக்க முகத்தைப் பாத்து இல்லன்னு சொன்னான்." எழுந்தார். "நீ சொல்ல மாட்டேன்னு சொன்னதுலயே தெரிஞ்சுபோச்சு. நாளைக்கு அவன் போட்டு எடுக்க வேண்டாம்."

பொய் சொல்லவில்லை. ஆனால் நான் சொல்லாமல் விட்டதே அவருக்குப் பதிலாகிவிட்டது. 48 என்று சொல்லியிருந்தால் சிபி அண்ணன் நாளைக்கும் படகு எடுப்பார். துபாயில் இருக்கிறவர் லீவில் வரும்போது அவரைப் பார்த்துச் சிரிப்பார்கள். ஒருவர் தலையிலிருந்து எடுத்து இன்னொருவர் தலையில் வைத்திருப்பேன். இது சரியான காரணம்தான். ஆனால் மாமா கேட்ட நேரத்தில் இதெல்லாம் என் மனதில் இல்லை. எனக்குப் பொய் சொல்ல வரவில்லை, அவ்வளவுதான். அதை நேர்மை என்று எழுதக் கூச்சமாக இருக்கிறது.

நவம்பர் 14, வியாழன்

வேலை முடிந்து நேராக அவர்கள் வீட்டுக்குப் போனேன். உள்ளே போகுமுன் வாசலுக்கு வெளியே சிறிது நேரம் நின்றேன்.

ஜெயபாய் அக்கா மரச்சீனிக் கிழங்கைத் தோலுரித்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்கவில்லை. "ஒரு வாக்கு. ஒரே வாக்கு. அது உன்னால முடியல்ல. பேரு எழுத முடிஞ்சுது."

மன்னிப்புக் கேட்டேன். கேட்டதும் அது எவ்வளவு இலேசான சொல் என்று தெரிந்தது.

சிபி அண்ணன் பின்பக்கமிருந்து வந்தார். அவர் முகத்தைப் பார்க்கும் முன்பே அவரிடமிருந்து வாசம் வருகிறதா என்று கவனித்தேன். பெயரை எழுதிய நானே அதைச் செய்தேன். சோப்பு வாசம்தான் வந்தது. நான் கவனித்தது அவருக்கும் தெரிந்தது.

"எல்லாரும் இப்ப அப்படித்தான் பக்கத்துல வாறாவ" என்றார்.

எனக்கு அழுகை வந்தது. அடக்கிக்கொண்டேன்.

"குடிச்சது நேருதான், பொய்யில்ல. நிப்பாட்டினதும் நேருதான். ஒரு வருசம் ஆகட்டும், கனகதாஸண்ணனிட்ட நானே சொல்லணும்னு வச்சிருந்தேன். அதுதான் எனக்குன்னு மிச்சம் இருந்தது. அதையாக்கும் நீ எடுத்தே."

"அண்ணே..."

"அழாதே. நான் அவரிட்ட பொய் சொன்னவன். அதை நீ சொல்லவைக்கல்ல." அக்காவைப் பார்த்தார். "நாளைக்கு நான் போய்ச் சொல்லப் போறேன். அஞ்சு மாசத்துக்கு முன்ன எங்க கெடந்தேன், எந்த ஆசுபத்திரியில மருந்து எடுத்தேன், எல்லாம். பின்ன அவருக்க இஷ்டம்."

"வேண்டாம்னு சொன்னா?" என்றார் அக்கா.

"சொன்னா வேற வேலை தேடணும். செருப்பை மாட்டீட்டு வாசல்ல நிக்கதை விட அது லேசு."

அக்கா கத்தியைக் கீழே வைத்தார். பிறகு என்னைப் பார்த்து, "இவளும் வரட்டு" என்றார். "பேரு எழுதினவ அங்க வந்து சொல்லட்டு, அந்தச் சீட்டு ஒரு பெண்ணு தெய்வத்துக்கு எழுதினதுன்னு. ஊருக்கு எழுதினதில்லன்னு."

வாறேன் என்று சொன்னேன்.

கனகதாஸ் மாமா என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியாது. வேலை திரும்பக் கிடைத்தால் நான் செய்தது சரியாகிவிடும் என்றும் இல்லை. வகுப்புக் கட்டுரை ஒரு வரிகூட நகரவில்லை. எழுதவில்லை என்றே அடுத்த வகுப்பில் சொல்லிவிடலாம்.

நாளை, வெள்ளி: காலை ஆறு இருபது பஸ். ஏழரைக்குள் பூவார் படகுத்துறை. முதலில் சிபி அண்ணன் பேசட்டும், அவர் முடிக்கும்வரை நான் வாய் திறக்கக் கூடாது. கடைக்குப் பதினொரு மணிக்கு வருவேன் என்று இன்றே சொல்லிவைக்க வேண்டும்.