மனுதாரர் ‘ங’வின் வலது கால்

1

இந்தக் கதை எனக்கு ஒரு சமையலறையில் கிடைத்தது. சொன்னவர் வயிறு குலுங்கச் சிரித்துக்கொண்டே சொன்னார். சொல்லி முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரு நிபந்தனையும் போட்டார்: “எழுதிக்கோ. ஆனா நான்தான்னு ஈ காக்காய்க்குக்கூடத் தெரியக் கூடாது.”

அவரை நான் அக்கா என்று கூப்பிடுவேன். (இதிலிருந்து ஒன்றும் தெரிந்துவிடாது. பஸ்ஸில் நம் காலை மிதிப்பவரைக்கூட அக்கா என்றுதான் கூப்பிடுகிறோம்.)

முதல் வரியை இப்படித் தொடங்கினேன்: “நெற்றியில் தழும்புள்ள, உயரமான அந்தப் பெண்…”

அடித்துவிட்டேன். தழும்பைக் காட்டிக் கொடுத்தாயிற்று. “குள்ளமான அந்தப் பெண்…” என்று மாற்றி அக்காவிடம் காட்டினேன்.

“என்னை எதுக்குடா குள்ளமாக்கினே?”

“அடையாளம் தெரியாம இருக்கத்தான்க்கா.”

“அதுக்கு ஒல்லியாக்கினா ஆகாதா?”

ஆகவே வாசகரே, நம் கதாநாயகி ஒல்லி.

2

விஷயம் இதுதான். அக்கா ஒரு காலத்தில் மனம் நொந்து, மனநல ஆஸ்பத்திரியில் தங்கி வைத்தியம் பார்த்துக்கொண்டார். தேறியும் விட்டார். பிறகு சுகாதாரத் துறையில் யாரோ எதையோ அழுத்தப் போக, அந்த ஆஸ்பத்திரியில் சிகிச்சை பெற்றவர்களின் பெயரெல்லாம் துறையின் இணையதளத்தில் ஏறிவிட்டது. அரசு இணையதளத்தை யார் திறந்து பார்க்கிறார்கள்? அதனால் அக்கா தப்பித்தார். பெயர்களை எடுத்துவிட்ட துறை, அப்படி ஒன்று நடக்கவே இல்லை என்று சாதித்தது. ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டிருந்தால் அக்கா வீட்டோடு இருந்திருப்பார். சாதித்ததால்தான் கோபம் தலைக்கேறி, அரசின் மேலேயே வழக்குப் போட்டார்.

வழக்கில் பெயர் வந்தால் ஊருக்கே தெரிந்துவிடும். எனவே பெயரை யாரும் வெளியிடக் கூடாது என்று உத்தரவு போட்டு, நீதிமன்றம் அவருக்கு ஓர் எழுத்தைக் கொடுத்தது. மனுதாரர் ‘ங’.

“இருக்கற எழுத்தையெல்லாம் விட்டுட்டு எனக்கு இதுதானா கிடைச்சுது?” என்று தன் வக்கீலம்மாவிடம் சண்டைக்குப் போனார் அக்கா.

“இந்த எழுத்துல யாருக்கும் பேர் கிடையாதும்மா. அதான்.”

3

அக்காவின் தொழிலை மாற்றிவிடலாம் என்று பார்த்தேன். பல் டாக்டராக்கினேன். பூக்கடை வைத்துக் கொடுத்தேன்.

[கைவிட்ட வாக்கியம்: “நீதிமன்றத்தில் உட்கார்ந்திருந்த பூக்கடைக்காரம்மாவின் வலது கால் திடீரென்று…” பூக்கடைக்காரம்மாவின் கால் எதற்காக அப்படிச் செய்யப் போகிறது?]

கதையே அந்தக் காலில்தான் நிற்கிறது. வேறு வழியில்லை: அக்கா கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். [பயிற்சிக் காரில் கற்றுக்கொடுப்பவர் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. மாணவர் தடுமாறினால் டீச்சர் மிதிப்பார்.] எங்கே சிகிச்சை எடுத்தவர் என்பது தெரிந்தால் அந்தக் காரில் யார் ஏறுவார்கள்? பெயர் வெளியே வந்த அன்றே பிழைப்பு போய்விடும். அந்த பயம் அவரைத் தூங்க விடவில்லை.

அவரிடம் கற்றுக்கொண்டவர்களில் ஒரு பத்திரிகை நிருபரும் இருந்தார். (இந்தப் பாத்திரத்தின் மேல் எனக்கே சந்தேகம். ரொம்ப வசதியாக வந்து மாட்டுகிறார். “ஏன், நிருபருங்க கார் ஓட்டக் கூடாதா?” என்று அக்கா என் வாயை அடைத்துவிட்டார்.)

“டீச்சர், அந்த ‘ங’ யாருன்னு கண்டுபிடிக்காம விட மாட்டேன்” என்றார் நிருபர் ஒருநாள், ஒரு திருப்பத்தில்.

“முதல்ல ரெண்டாவது கியர் எங்க இருக்குன்னு கண்டுபிடிங்க தம்பி.”

4

பெயரை மறைத்துக்கொண்டு வழக்காட விடக் கூடாது என்று அரசு ஒரு மனுப் போட்டது. விசாரணையன்று அக்கா பார்வையாளர் பெஞ்சில், வழி தவறி வந்தவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். முன்வரிசையில் நிருபர்.

அரசு வக்கீலுக்கு வேகம் அதிகம். மூச்சு விடாமல் வாசித்துக்கொண்டே போனார். “ஆகவே, மாண்புமிகு நீதிபதி அவர்களே, இந்த மனுதாரர், அதாவது திருமதி—”

தொம்!

அக்காவின் வலது கால் தரையை மிதித்துவிட்டது. எதிரே லாரி வந்தால் மிதிக்கிற அதே மிதி. வேடிக்கை என்னவென்றால், பிரேக் பிடித்தது. வக்கீல் அப்படியே நின்றுவிட்டார். நீதிமன்றமே திரும்பிப் பார்த்தது.

“கரப்பான் பூச்சி” என்றார் அக்கா.

பெஞ்சில் இருந்தவர்கள் எல்லோரும் காலைத் தூக்கிக்கொண்டார்கள். நீதிபதிகூட லேசாகக் காலை இழுத்துக்கொண்டதாக அக்கா சத்தியம் பண்ணுகிறார்.

அதற்குள் வக்கீலம்மா எழுந்து ஆட்சேபித்தார். நீதிபதி அரசு வக்கீலைக் காய்ச்சி எடுத்துவிட்டார். “பேரைச் சொல்லக் கூடாதுங்கற உத்தரவு உங்களுக்கும் சேர்த்துத்தான். ரகசியத்தை இந்த லட்சணத்துல காப்பாத்தறீங்கன்னுதானே அவங்க கோர்ட்டுக்கே வந்திருக்காங்க?”

அரசின் மனு தள்ளுபடி. ‘ங’ இனியும் ‘ங’வாகவே இருக்கலாம்.

அக்கா நிம்மதியாக மூச்சு விடப் போனபோதுதான் கவனித்தார். எல்லோர் காலும் இன்னும் மேலேயே இருக்க, நிருபரின் கால் மட்டும் தரையில் இருந்தது. வகுப்புக்கு வகுப்பு காரில் அந்த பிரேக் மிதியைப் பார்த்துப் பழகியவர் அவர். திறந்த வாய் மூடாமல் அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

5

முடிவு அ: நிருபர் எழுதிவிடுகிறார். பெயரைப் போட முடியாது. ஆனால் “கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் ஒரு பெண்மணி” என்று போட்டாலே போதும். (எழுதிப் பார்த்தேன். கிழித்துப் போட்டேன்.)

முடிவு ஆ: நிருபர் கண்கலங்கி, “உங்க ரகசியம் என் உயிர் உள்ளவரை…” (போதும். இப்படியெல்லாம் எந்த நிருபர் பேசுகிறார்?)

நடந்தது இவ்வளவுதான். மறுநாள் நிருபர் வகுப்புக்கு வந்தார். பெல்ட்டைப் போட்டார்.

“கோர்ட்ல கரப்பான் தொல்லை ஜாஸ்தி போல, டீச்சர்.”

“ஆமா தம்பி. பின்னாடி பாத்து எடுங்க.”

பார்த்து எடுத்தார். அதன்பின் அவர் ‘ங’வைப் பற்றிப் பேச்செடுக்கவில்லை, எழுதவும் இல்லை. நாளைக்கு எழுதுவாரா என்று அக்காவுக்கும் தெரியாது. வழக்கு நடந்துகொண்டிருக்கிறது.

6

“ஏன்க்கா, இதைப் படிச்சு யாராவது உங்களைக் கண்டுபிடிச்சிட்டா?” என்று கேட்டேன். எனக்கு உண்மையிலேயே பயமாக இருந்தது.

“அரசாங்கம் என்னைக் கேக்காம சொல்லுச்சு. நீ கேட்டுட்டுச் சொல்றே. அது போதும், எழுது” என்றார்.

நிருபரைக் கட்டிப்போட நீதிமன்ற உத்தரவு இருக்கிறது. உங்களைக் கட்டிப்போட என்னிடம் ஒன்றும் இல்லை. படிக்கும்போதே உங்களுக்கு ஒரு பெயர் தோன்றியிருக்கலாம். அது சரியாகவும் இருக்கலாம்.

எனவே கடைசி வாக்கியத்தை நான் எழுதப் போவதில்லை. இந்தப் பக்கத்தை மூடிவிட்டு, பக்கத்தில் இருப்பவரிடம் நீங்கள் முதலில் என்ன பேசுகிறீர்களோ, அதுதான் இந்தக் கதையின் கடைசி வாக்கியம்.