நேற்றைய ஈரத்தின் எடை

காலை ஆறே முக்காலுக்கு அவர் குளியலறை மூலையிலிருந்த மூடிபோட்ட வாளியைத் திறந்து, வாய் முடிச்சிட்ட பிளாஸ்டிக் பையை இரண்டு விரலால் தூக்கித் தராசுத் தட்டில் வைத்தார். முந்தின நாள் முழுக்க உள்ளாடைக்குள் வைத்து மாற்றிய நாலு பேடுகள் அதில் இருந்தன. உலர்ந்த பேடுகளின் எடையையும் பையின் எடையையும் கழித்தால் மிஞ்சுவது, அவரிடமிருந்து அவரைக் கேட்காமல் கசிந்த சிறுநீர். எண்பத்திரண்டு கிராம். நோட்டில் எழுதி, அடியில் கோடு போட்டார்.

“என்னங்க, எவ்வளவு?” கதவுக்கு வெளியே மனைவியின் குரல்.

“எண்பத்திரண்டு.”

“அட, நேத்து தொண்ணூறுல்ல? போற போக்கப் பாத்தா அடுத்த மாசம் தராசை என் சமையலுக்குக் குடுத்துடலாம்.”

“இந்தத் தராசுலயா? உனக்கு மனசு வருமா?”

“சோப்பு போட்டுக் கழுவிட்டா எல்லாம் தராசுதான்.”

அவர் சிரித்தார். சிரித்ததும் கொஞ்சம் கசிந்தது. அதையும் நாளைக்குக் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம் என்று நினைக்குமளவுக்கு மனம் லேசாக இருந்தது.

அவர் எடை அளவு ஆய்வாளர். இருபத்தொன்பது வருடமாகக் கடைத் தராசுகளைச் சோதிப்பதுதான் வேலை. சந்தையில் அவருக்கு ‘முள்ளு சார்’ என்று பெயர். முள்ளு சார் வந்தால் ஈகூடத் தட்டில் உட்காராது என்பார்கள். ஏழு மாதத்துக்கு முன் புராஸ்டேட்டில் புற்று என்று தெரிந்தபோது, ரோபோவை வைத்து அறுவை செய்யலாம் என்றார் டாக்டர். “ஆறு சின்னத் துளைதான். மனுஷக் கையவிடத் துல்லியம். உங்களுக்கு நான் சொல்லணுமா?” துல்லியம் என்ற சொல்லுக்கு மயங்கி அவர் அங்கேயே கையெழுத்துப் போட்டார். புற்று போய்விட்டது, அதில் யாரும் பொய் சொல்லவில்லை. ‘கொஞ்ச நாள் கசியும்’ என்றும் சொல்லியிருந்தார்கள், போகிற போக்கில். சிறுநீர்க் குழாயை எடுத்த அன்று கட்டிலிலிருந்து எழுந்து நின்றார். வெதுவெதுப்பாக ஏதோ கணுக்கால் வரை இறங்கியது. கீழே குனிந்து பார்த்த பிறகுதான் அது தன்னுடையது என்று புரிந்தது. ஐம்பத்தெட்டு வருடம் சொன்ன பேச்சைக் கேட்ட உடம்பு, ஒரு வார்த்தை சொல்லாமல் கட்சி மாறியிருந்தது.

முதல் மாதம் நாளுக்கு நானூற்றுப் பத்து கிராம். தசையை இறுக்கு, பத்து எண்ணு, விடு என்று ஒரு நர்ஸ் பயிற்சி சொல்லிக்கொடுத்து, தினமும் எடை போட்டு எழுதச் சொன்னார். அவர் அதை அலுவலக வேலை போலவே செய்தார். ஞாயிறுதோறும் அலுவலகத்துச் சோதனைக் கற்களை வைத்துத் தராசைச் சரிபார்த்தார். ஒரு கிராம் பிசகியதில்லை. பையின் முடிச்சை மட்டும் ஒருநாளும் அவிழ்த்ததில்லை. உள்ளே இருப்பதைப் பார்க்க அவருக்குக் கூச்சம்.

இரண்டாவது மாதத்திலிருந்து எண் இறங்கியது. முந்நூற்று எண்பது, முந்நூறு, இருநூற்று நாற்பது. நூறுக்குக் கீழே வந்த அன்று மனைவி கரண்டியும் கையுமாக வந்து அவர் நெற்றியில் முத்தம் கொடுத்தாள். இன்னொரு அறுவையில் கசிவை நிறுத்தச் சின்ன வால்வு ஒன்று வைக்க டாக்டர் நாள் குறித்திருந்தார். அன்றே ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து, “எனக்குச் சரியாகிட்டிருக்குங்க, அந்த நாள வேற யாருக்காவது குடுத்துடுங்க” என்றார். நோட்டைப் பார்த்த நர்ஸ் தடித்த பேடை விட்டு மெல்லிசுக்கு மாறச் சொன்னார். வேலைக்கும் போகலாம் என்றார்.

அப்படித்தான் எண்பத்திரண்டு கிராமின் தெம்பில், மெல்லிசு பேடும் வெளிர் சாம்பல் பேண்டுமாக, காய்கறி மொத்தக் கடையொன்றின் மேடைத் தராசைச் சோதிக்கப் போனார். “கல்ல நான் தூக்கி வைக்கிறேன் சார், நீங்க உக்காருங்க” என்றார் கடைக்காரர். “எனக்கென்ன வந்துச்சு?” என்று சொல்லிக்கொண்டே பத்துக் கிலோக் கல்லைத் தூக்கினார். பாதி உயரத்தில் உள்ளே ஏதோ திறந்துகொண்டது. இறுக்கினார், பத்து எண்ண முயன்றார், இரண்டுக்கு மேல் போகவில்லை. தொடையில் கறுப்பாக ஒரு திட்டு கிளம்பி முழங்காலை நோக்கி நீண்டது.

கடைக்காரர் அவர் முகத்தை மட்டுமே பார்த்தார். பிறகு கையிலிருந்த தண்ணீர்ச் செம்பைத் தவறவிட்டதுபோல அவர் கால்மாட்டில் கொட்டி, “அய்யய்யோ, சார் பேண்ட்டெல்லாம் நனைச்சுட்டேனே, மன்னிச்சுக்குங்க” என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். போன வருடம் எடைக் குறைவுக்காக இவரே அபராதம் போட்ட ஆள். திட்டியிருந்தால் பரவாயில்லை என்றிருந்தது.

வீட்டுக்கு வந்து அவர் முதலில் சந்தேகப்பட்டது தராசை. கற்களை வைத்துப் பார்த்தார், சரியாக இருந்தது. அப்படியானால் கல் தூக்கியதுதான் காரணமா? மறுநாள் லீவு போட்டு வீட்டிலேயே இருந்தார். பாரம் எதையும் தொடவில்லை. ஒவ்வொரு பேடையும் மாற்றியவுடனே தனியாக எடை போட்டு, துண்டுச் சீட்டில் குறித்துக்கொண்டு, பிறகு வாளியிலிருந்த பையில் போட்டார். நாலும் சேர்ந்து முந்நூற்றுத் தொண்ணூறு. அதற்கு அடுத்த நாள் காலையில் அதே பையை, அதே முடிச்சோடு எடுத்துத் தட்டில் வைத்தார்.

எழுபத்தொன்பது.

முடிச்சை அவிழ்த்தார். நாலு பேடும் வெள்ளையாக மடிந்திருந்தன. ஒன்றை எடுத்து முகர்ந்தார். குழாய்த் தண்ணீர். வேறு எந்த வாடையும் இல்லை.

வாழ்நாள் முழுக்கத் தராசைத்தான் சோதித்திருக்கிறார், சரக்கைச் சோதித்ததில்லை. சரக்கு அவருடைய துறை இல்லை.

மனைவி அடுப்படியில் இருந்தாள். அவர் பேடைக் கையிலேயே பிடித்துக்கொண்டு போய் நின்றார். அவள் பார்த்தாள். அடுப்பை அணைத்தாள்.

“எப்பலேர்ந்து?”

“ரெண்டாவது மாசத்துலேர்ந்து. நீங்க எழுந்திரிக்கறதுக்கு முன்னாடி மாத்தி வெச்சுடுவேன்.”

“ஏன்?”

“இப்படி ஒழுகிக்கிட்டு இருக்கறதுக்குப் புத்தோடயே போயிருக்கலாம்னு சொன்னீங்கல்ல? சொல்லிட்டு மூணு நாள் சாப்பிடல. மொதல்ல ஒரே ஒரு பேடுதான் மாத்தினேன். அன்னைக்கு ரெண்டு தட்டு சாப்பிட்டீங்க.”

அவர் அந்த நாளை நினைத்துப் பார்த்தார். தசை வேலை செய்கிறது என்று முதன்முதலாக நம்பிய நாள். அந்தத் தசையே அவள் கைதானா?

“நான் ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணப்ப நீ இங்கதான் நின்ன.”

“ஆமா.”

“எனக்கு நாள் வேணாம்னு சொன்னேன். கேட்டுக்கிட்டு நின்ன.”

“சொல்லிடணும்னுதாங்க வாயத் தொறந்தேன். நீங்க போனை வெச்சுட்டு விசிலடிக்க ஆரம்பிச்சீங்க. உங்க விசிலக் கேட்டு எவ்வளவு நாளாச்சுன்னு... திரும்ப மூடிக்கிட்டேன்.”

“முத்தம் குடுத்தியே, அதுவும் குழாய்த் தண்ணிதானா?”

அவள் முகம் அடிவாங்கியதுபோல் ஆனது. அதைப் பார்த்ததில் அவருக்கு ஒரு சின்னத் திருப்தி வந்தது. வந்ததும் தன்மேலேயே அருவருப்பு வந்தது.

“நெஜமா எவ்வளவு இருந்துச்சு? அதையாவது எழுதி வெச்சியா?”

“எடை போடலீங்க. பாக்கவே பயமா இருந்துச்சு. அப்படியே சுருட்டி வெளிய போட்டுட்டு வந்துடுவேன்.”

அதுதான் அவரை உட்கார வைத்தது. பொய்க்குப் பின்னால் எங்காவது ஒரு மெய் இருக்கும், தேடினால் கிடைக்கும் என்பதுதான் அவர் தொழில். இங்கே தேட ஒன்றுமில்லை. நாலரை மாதம், நூற்று முப்பத்தைந்து எண்கள், ஒவ்வொன்றுக்கும் அடியில் அவர் அளவுகோல் வைத்துப் போட்ட கோடு. இடையில் உண்மையிலேயே கொஞ்சம் குறைந்திருந்து மறுபடி ஏறியதா, குறையவே இல்லையா, இனி யாருக்கும் தெரியாது. அவர் உடம்பு அவரைப் பற்றி எழுதிய ஒரே கடிதத்தைப் பிரிக்காமலே அவள் குப்பையில் போட்டிருக்கிறாள். அன்பினால்தான். அதில் அவருக்குச் சந்தேகமில்லை. சந்தேகமில்லாததுதான் தாங்க முடியாமல் இருந்தது. கெட்ட எண்ணம் இருந்திருந்தால் சண்டை போட்டு முடித்துவிடலாம்.

ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தார். வால்வுக்கு இனி எட்டு மாதம் காத்திருக்க வேண்டும் என்றாள் ஒருத்தி. “போன தடவ வேணாம்னு நீங்கதான சார் சொன்னீங்க?” என்றாள். “ஆமா, நான்தான்” என்றார்.

அன்று மதியம் அவள் தட்டு வைத்தாள், அவர் சாப்பிட்டார். ராத்திரி நாலாவது பேடை மாற்றிப் பையில் போட்டவர், முடிச்சிட்டுவிட்டு நகராமல் நின்றார். உடனுக்குடன் எடை போட்டு எழுதிவிட்டால் போதும். அது அவருக்குத் தோன்றாமல் இல்லை. ஆனாலும் போய் அலுவலகப் பையைத் திறந்தார். மெல்லிய கம்பி, ஈயக் குண்டு, வருட எண் பொறித்த முத்திரைக் குறடு. சோதித்த தராசைக் கடைக்காரர்கள் பிறகு திறக்காதபடி போடும் முத்திரை.

திரும்பி வந்து கம்பியைப் பேடுப் பையின் கழுத்தில் சுற்றினார். இரண்டு கை போதாமல் ஈயக் குண்டு நழுவி நழுவிப் போனது. மனைவி வாசலில் வந்து நிற்பது தெரிந்தது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. அவள் ஈரத் தரையில் மண்டியிட்டு, கையை நீட்டி, கம்பியின் இரண்டு முனைகளையும் சேர்த்து இழுத்துப் பிடித்தாள், அவர் குறட்டை வைக்க வாகாக.