கல்லா நாற்காலி

வெர்லீனுக்கு வக்கீல் ஆபீசில் இருப்புக் கொள்ளவில்லை. டல்லியின் மீன் கடையில் ரெண்டு வருஷமாக வாரம் அறுபது மணி நேரம் எண்ணெய்ச் சட்டி முன்னால் வெந்தவள் அவள். நாற்பது மணிக்கு மேல் உழைத்ததற்குச் சேரவேண்டிய கூடுதல் கூலியில் டல்லி தம்பிடி கொடுக்கவில்லை. அது வந்தால்தான் ஒழுகும் கூரையை மாற்ற முடியும்.

“அலபாமாவுக்குன்னு தனிக் கூலிச் சட்டம் கிடையாதும்மா. மத்திய சட்டம்தான்” என்றாள் வக்கீல். “இது சின்னக் கடை. அதனால, மாநிலம் தாண்டுற வியாபாரத்துல உங்க கை நேரா பட்டிருக்கணும். கார்டுப் பணம் வெளி மாநில பேங்க் வழியாப் போறதால அதுவும் கணக்குல சேரும். கார்டு வாங்கித் தேய்ப்பீங்களா?”

“கல்லாவுல உக்காந்து நாள் பூரா அதானே பண்றேன்” என்றாள் பக்கத்திலிருந்த ஒடெஸா. அவளும் அதே கடையில்தான் வேலை செய்தாள்.

“அப்ப உங்களுக்கு வழி இருக்கு. நீங்க?”

ஒடெஸாவின் கால் வெர்லீனின் காலை மிதித்தது. ‘ஆமான்னு சொல்லித் தொலை’ என்று அர்த்தம். அந்தக் கல்லா நாற்காலி ஒரு காலத்தில் வெர்லீனுடையது. ஒடெஸாவின் முட்டி வீங்கி நிற்க முடியாமல் போனபோது இவளேதான் மனசார விட்டுக்கொடுத்தாள். மகராசி!

“எப்பவாச்சும்… இவ எந்திரிச்சுப் போறப்ப…”

“எப்பவாச்சும்னா பத்தாது. வழக்கமா செஞ்சேன்னு சத்தியம் பண்ணணும்.”

வெர்லீன் மிதிபட்ட காலை இழுத்துக்கொண்டாள். “இல்லம்மா. மீனும் பக்கத்துக் குளத்து மீன். நான் வெறும் அடுப்படி.”

ஒரே கடை, ஒரே முதலாளி, ஒரே வேலை நேரம். சட்டம் மட்டும் கல்லா வரைக்கும் வந்து, அடுப்படியை எட்டிக்கூடப் பார்க்காமல் திரும்பிவிட்டது.

காரில் ஒடெஸா, “எனக்கு வர்றதுல பாதி எடுத்துக்கோடி” என்றாள்.

“உன் பிச்சை எவளுக்கு வேணும்?” சொன்ன மறுகணமே வெர்லீனுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. ஆனாலும் மன்னிப்புக் கேட்கவில்லை.

மறுநாள் காலை கல்லா காலியாகக் கிடந்தது. ஒடெஸா சுவரில் சாய்ந்தபடி சட்டியில் மீனைப் போட்டுக்கொண்டிருந்தாள்.

“போய் உக்காரு. இனிமேலாச்சும் சட்டத்துக்கு உன்னைத் தெரியட்டும்.”

“உன் முட்டி?”

“என் முட்டி, என் பாடு. போடீ!”

மறுத்திருக்க வேண்டும். வெர்லீன் போய் உட்கார்ந்தாள். லாரிக்காரன் ஒருவன் கார்டை நீட்டினான், வாங்கித் தேய்த்தாள். பின்னால் ஒடெஸா வலி பொறுக்காமல் முனகுவது எண்ணெய்ச் சத்தத்தையும் மீறிக் கேட்டது.

வெர்லீன் எழுந்திருக்கவில்லை.

“அடுத்த ஆள் வாங்க” என்றாள்.