பன்னீர்ச் செம்பின் உப்பிய கன்னம்

சக்கரபாணியின் ரகசியக் குரல் மரக்காணத்தில் ஏறினால் கிளியனூரில்தான் போய் இறங்கும். காலமெல்லாம் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். விசிலை மறந்து வந்த ஒருநாள் வாயாலேயே வண்டியை நிறுத்தினார். எதிரே வந்த லாரியும் சேர்ந்து நின்றது. ரிட்டையர் ஆனபோது பையையும் விசிலையும் டிப்போவில் ஒப்படைத்தார். வாயைத் திருப்பிக் கேட்க யாருக்கும் தோன்றவில்லை.

அந்த வாயால் மகள் நிவேதாவுக்கு ஏற்கெனவே இரண்டு சம்பந்தம் கலைந்திருந்தது. முதலில் வந்த பையனின் காதைப் பார்த்து, “தம்பி, ஈசிஆர் ரோட்ல பைக் ஓட்றப்ப காத்து தூக்கிடாதா?” என்று கேட்டார். அடுத்த பையனின் அப்பா மறுபடி மறுபடி கேசரி கேட்டபோது, “உள்ள எடமில்ல, அடுத்த வண்டியில ஏத்திக்கலாம்” என்றார். மூன்றாவதாக அமைந்தவன் கிளியனூர் தேவநாதன். நிவேதாவுக்கு அவனை ரொம்பப் பிடித்துப்போயிற்று.

“அப்பா, இதுவும் உன் வாயால போச்சுன்னு வை, ஜென்மத்துக்கும் உங்கிட்ட பேச மாட்டேன்” என்றாள். சொன்னால் செய்கிற பெண். சின்ன வயதில் ஒரு பலூனுக்காக அம்மாவிடம் ஒரு மாசம் பேசாமல் இருந்தவள்.

நிச்சயதார்த்தம் வரைக்கும் சக்கரபாணி வாயில் வெற்றிலையை அடைத்துக்கொண்டு சமாளித்தார். கெடுத்தது பன்னீர்ச் செம்பு.

அது அவர் தாத்தா காலத்து வெள்ளிச் செம்பு. பாண்டிச்சேரியில் ஒரு பிரெஞ்சுத் துரை கப்பலேறும்போது சாமான்களை ஏலம் விட, தாத்தா பத்து மூட்டை உப்பைக் கொடுத்து வாங்கியதாகக் கேள்வி. சக்கரபாணி சொல்லச் சொல்ல மூட்டைகள் குறைந்து, கடைசியில் துரையே கண்ணீரோடு காலில் வைத்துவிட்டுப் போனதாக ஆகியிருந்தது. கொக்குக் கழுத்து, பூசணி வயிறு. வயிற்றின் நடுவில் பதித்த ஒரு முகம். கன்னம் இரண்டும் பூரியாய் உப்பி, உதடு குவிந்து, புருவம் நெரிந்து, ஈர விறகை ஊதி ஊதி உலகத்தையே வெறுத்துப்போன அம்மாள் மாதிரி இருக்கும்.

நிச்சயதார்த்தத்தன்று மனைவி திரௌபதி அந்தச் செம்போடு வாசலில் நின்றாள். பையனின் அம்மா விஜயலட்சுமி காரிலிருந்து இறங்கினார். கார் ஒரு சாண் உயர்ந்தது. உப்பிய கன்னம், குவிந்த உதடு, நெரிந்த புருவம்.

சக்கரபாணி அந்த முகத்தைப் பார்த்தார். இந்த முகத்தைப் பார்த்தார். வெற்றிலையைத் துப்பிவிட்டு, பக்கத்தில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்த அஹமது கபீரின் காதில் சொன்னார்: “பாய், சம்பந்தியம்மா இப்பதான் வர்றாங்க, மூஞ்சி மின்னாடியே வந்து ஒக்காந்துக்கிச்சு பாரு!”

கோட்டக்குப்பத்துக் கபீர் துபாயில் சம்பாதித்த காசில் கேமரா வாங்கி வந்தவர். அவர் குலுங்கிய குலுக்கலில் கேசட்டில் அந்த இடத்தில் வீடே தொட்டில் மாதிரி ஆடுகிறது.

விஜயலட்சுமி செம்பைப் பார்த்தார். முகம் வெளிறிப்போயிற்று. பன்னீரை வாங்கிக்கொள்ளாமல் உள்ளே போய் உட்கார்ந்தார். கேசரியைத் தொடக்கூட இல்லை.

அடுத்த வாரம் கிளியனூரிலிருந்து போன் வந்தது. “கல்யாணத்துல அந்த மூஞ்சி இருக்கக் கூடாது. இருந்தா நான் மண்டபத்து வாசப்படி மிதிக்க மாட்டேன்.”

போனை வைத்ததும் நிவேதா அப்பாவை ஒரு பார்வை பார்த்தாள். பேசவில்லை. ஆரம்பித்துவிட்டாள் என்று அவருக்குப் புரிந்துவிட்டது.

“செம்பைப் பரண்ல தூக்கிப் போட்றலாம்டி” என்றார் திரௌபதியிடம்.

“இன்னா பேச்சு பேசறீங்க? உங்க தங்கச்சி கல்யாணத்துல இத மறந்துட்டு போயி இன்னா ஆச்சு? தாலி கட்ற நேரத்துல மணவறையே சாஞ்சி அய்யரு மேல வுழல? செம்பு இல்லாம எம்பொண்ணு கழுத்துல தாலி ஏறாது. ஏத்த வுட மாட்டேன்.”

இரண்டு பெண்களுக்கு நடுவில் மூன்றாவது பெண் பேசாமல் நிற்க, சக்கரபாணி ஒருவேளைச் சோற்றைத் தியாகம் செய்து யோசித்தார். அடுத்தவேளைச் சாப்பாட்டில் பளிச்சென்று பட்டது. மூஞ்சிதானே இருக்கக் கூடாது என்றார்கள்? செம்பு இருக்கலாமே!

செம்பை ஒருமுறை பழுது பார்த்த கண்ணாயிரம் பத்தர் சொன்னது நினைவில் இருந்தது. “மொகம் வெறும் அப்பளத் தகடுங்க. உள்ள அரக்குதான் நிக்குது. அடுப்பாண்ட வெச்சிடாதீங்க, எளகிடும்.” அன்றைக்கு எச்சரிக்கையாகக் கேட்டது இன்றைக்கு யோசனையாகக் கேட்டது.

மறுநாள் உச்சி வெயிலில் கபீரைக் கூட்டிக்கொண்டு, தெரிந்தவர் ஒருவரின் உப்பளத்துக்குப் போனார். கத்திரி வெயில். உப்புக் குவியல்கள் கண்ணைப் பறித்தன. காக்கை ஒன்று பறந்துபோனது. பாத்தியில் விழுந்த அதன் நிழல் வறுபட்டுப் போனது. கொட்டகையின் தகரக் கூரைமேல் செம்பைச் சாய்த்து வைத்து, இருவரும் மோர் குடித்துக்கொண்டு காத்திருந்தார்கள்.

தொட்டால் சுடும் பதம் வந்ததும் சக்கரபாணி துண்டைச் சுற்றிய கட்டைவிரலால் ஒரு கன்னத்தை அமுக்கினார்.

கபீர் எட்டிப் பார்த்தார். “யா அல்லா! கண்டக்டரே, இது எங்க ஜமீல் மச்சான்! பல் வலி வந்தப்ப அச்சு அசல் இப்பிடித்தான் இருந்தாரு.”

அடுத்த கன்னத்தையும் அமுக்கினார். வட்டிக்கடை தனக்கோடி வந்தார். உதட்டை நீவினால் பழைய டிப்போ மேனேஜர். அன்று மத்தியானம் அந்த அப்பளத் தகட்டில் மரக்காணத்துப் பாதி ஜனம் வந்து தலைகாட்டிவிட்டுப் போயிற்று. கடைசியில் ஒல்லிக் கன்னமும் இளஞ்சிரிப்புமாக ஒரு முகம் அமைந்தது.

“இது யாரு பாய்?”

“யாருமில்ல.”

“அவங்கதான் வேணும்!” என்று செம்பை உப்புத்தண்ணீரில் முக்கி எடுத்தார். முகம் இறுகியது.

வீட்டில் திரௌபதி திருநீறு போட்டுத் துலக்கும்போது நின்று பார்த்தாள். “இன்னாங்க, மூஞ்சி எளைச்சாப்ல இருக்குது?”

“கல்யாண வேலைடி. எளைக்காதா?”

வைகாசியில் கல்யாணம். முந்தின நாள் சாயங்காலம் மாப்பிள்ளை அழைப்பு. விஜயலட்சுமி மண்டப வாசலில் நின்று முதலில் செம்பைத்தான் பார்த்தார். முன்னால் பார்த்தார், பக்கவாட்டில் பார்த்தார். பெருமூச்சு விட்டார். பக்கத்துத் தோரணம் ஆடியது.

“வேற செம்புங்களா?”

“எல்லாம் உங்களுக்காகத்தாங்க” என்று வெற்றிலைக்குள்ளிருந்து சக்கரபாணி சொன்னார். பன்னீரைத் தலையில் வாங்கிக்கொண்டு விஜயலட்சுமி சிரிக்கவும் செய்தார். மேடை ஓரத்திலிருந்து நிவேதா அப்பாவைப் பார்த்து, “தண்ணி குடிச்சியாப்பா?” என்றாள். பேசிவிட்டாள்! சக்கரபாணிக்கு உச்சி குளிர்ந்தது.

அங்கேதான் கபீருக்குக் கலை முற்றிவிட்டது.

“சம்பந்தியம்மா, செம்பக் கையில எடுங்க. கேமராவ பாக்காதீங்க, செம்பப் பாருங்க. அப்பிடியே இருங்க!” என்று போகஸ் லைட்டை ஒரு முழ தூரத்தில் கொண்டுவந்து பிடித்தார். அந்த லைட்டுக்கு முன்னால் கத்திரி வெயில் பிச்சை வாங்க வேண்டும்.

சக்கரபாணி கண்ணைக் காட்டினார். புருவத்தைக் காட்டினார். கபீர் லென்ஸுக்குள் இருந்தார்.

உள்ளே அரக்கு இளகி, செம்பின் இடது கன்னம் மெல்ல எழும்பியது. எண்ணெயில் போட்ட பூரிபோல எழும்பியது. டொப். வலது கன்னம். டொப். உதடு குவிந்தது. பழைய முகம் பழைய இடத்துக்கே வந்து உட்கார்ந்துகொண்டது.

“ஐயோ, வந்துட்டா!” என்று விஜயலட்சுமி அலறினார். நாதஸ்வரம் நின்றது.

“யாரும்மா?” என்று தேவநாதன் ஓடிவந்தான்.

“உங்க ஆயாடா! என் மாமியா! அன்னிக்கே பாத்தேன், செம்புல ஒக்காந்து மொறைக்கிறா. வேற செம்பு வெச்சா அதுலயும் வந்து பூந்துக்கிறா!”

சக்கரபாணிக்குத் தலை சுற்றியது. மாமியாரா? அப்படியானால் செம்பில் இருப்பது தன் முகம் என்று இந்த அம்மாளுக்குத் தோன்றவே இல்லையா?

விஜயலட்சுமி அழுதுகொண்டே எல்லாவற்றையும் கொட்டினார். கல்யாணத்துக்கு முன்னால், வீட்டில் சுமங்கலியாகப் போய்ச்சேர்ந்தவளுக்குப் புதுப்புடவையும் பூவும் வைத்துப் படையல் போடுவது அந்தப் பக்கத்து வழக்கம். பூவாடைக்காரி என்று கும்பிடுவார்கள். மாமியார் பூவோடும் பொட்டோடும் போனவர். ஆனால் உயிரோடு இருந்தபோது மருமகளுக்கு ஒரு நல்ல புடவை எடுத்துத் தந்ததில்லை. “எனக்குத் தராதவளுக்கு நான் எதுக்கு வெக்கணும்னு படையலே போடாம வந்துட்டேன். இப்ப பாரு, கன்னத்த உப்பிக்கினு நிக்கிறா. இனிமே கல்யாணம் வேணாம். ஊருக்குப் போயி படையல் போட்டுட்டு, அப்பறமா வேற நாள் பாத்துக்கலாம்.”

நிவேதாவின் முகம் கறுத்தது. அப்பா பக்கமே திரும்பவில்லை.

சக்கரபாணி பாய்ந்து வந்தார். “ஊருக்கு எதுக்குங்க போவணும்? அம்மாதான் இங்கியே வந்துட்டாங்களே! படையல இங்கியே போடுவோம். திரௌபதி, சம்பந்தியம்மாவுக்கு எடுத்த பட்டுப்பொடவ எங்க? எடுத்தா!”

“எனக்கு எடுத்த பொடவயா?” என்று அழுகைக்கு நடுவில் விஜயலட்சுமி நிமிர்ந்தார்.

“மொதல்ல அவங்க கட்டட்டும். அப்பறம் நீங்கதான் கட்டிக்கப் போறீங்க.”

மாம்பழக் கலர் பட்டு, மல்லிகைப் பந்து, வாழையிலை நிறைய பலகாரம். நடுவில் செம்பு. கபீர் பயந்துபோய் லைட்டை அணைக்கப் போனார்.

“பாய், அணைக்காத! இன்னும் கிட்ட காட்டு. அம்மா மொகம் நல்லா தெரியட்டும்.”

கபீருக்கு அப்போதுதான் மண்டையில் ஏறியது. மூக்கில் இடிக்கிற தூரத்துக்கு லைட்டைக் கொண்டுவந்தார்.

“பொண்ணு வூட்டு ஆம்பளதான் மொத பொட்டு வெக்கணும், அதான் மொற” என்று அந்த நிமிஷத்தில் பிறந்த ஒரு சம்பிரதாயத்தைச் சொல்லி, சக்கரபாணி குங்குமத்தைத் தொட்டார். இடக்கையால் செம்பைத் தடவிக்கொடுத்து, வலது கட்டைவிரலால் ஒரு கன்னத்தில் அழுத்திப் பொட்டு. விரல் சதை பொரிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டார். மறு கன்னத்தில் இன்னொரு பொட்டு. உதட்டோரத்தில், பார்ப்பவர்களுக்குத் துடைப்பது மாதிரி, ஒரு இழுப்பு. உடனே பன்னீரை எடுத்துக் கொட்டினார். சுர்ர்ரென்று ஆவி எழுந்தது.

ஆவி விலகியது. செம்பு சிரித்தது.

“சிரிச்சிட்டா! ஏத்துக்கிட்டா!” என்று மண்டபமே கன்னத்தில் போட்டுக்கொண்டது. நாதஸ்வரக்காரர் தனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் வாசித்தார்.

மறுநாள் காலை முகூர்த்தம். மாம்பழப் பட்டு விஜயலட்சுமியின் உடம்பில் பளபளத்தது. தாரை வார்க்கும்போது நிவேதாவின் கையைத் தேவநாதன் கையில் வைத்து, சக்கரபாணி தண்ணீரை விட்டார். கட்டைவிரலில் கோலிக்குண்டு பெரிசுக்குக் கொப்புளம்.

“ஐயய்யோ, வெரல்ல இன்னா சம்பந்தி?” என்றார் விஜயலட்சுமி.

தாலி இன்னும் ஏறவில்லை. நிவேதா அப்பாவை நிமிர்ந்து பார்த்தாள். திரௌபதி அவசரமாக ஒரு வெற்றிலையை நீட்டினாள். வெற்றிலை வாய்க்குப் போவதற்குள் வார்த்தை வந்துவிட்டது.

“உங்க மாமியா கடிச்சிட்டாங்க!”

கெட்டிமேளக்காரர் கை அந்தரத்தில் நின்றது.

விஜயலட்சுமி குனிந்து அந்தக் கொப்புளத்தை நன்றாகப் பார்த்தார். பிறகு ரவிக்கைக் கையைச் சற்றே மேலேற்றி, முழங்கைக்குக் கீழே ஒரு பழைய தழும்பைக் காட்டினார்.

“கடிப்பா. அவ கடிக்கிறவதான்” என்றார் அனுதாபமாக. “எனக்கு மஞ்சத்தூள் வெச்சப்பறந்தான் ஆறிச்சு. ம், கெட்டிமேளம் கொட்டுங்கப்பா!”