முள்ளுக்கு அடியில் இருந்த நிழல்

2019 மார்ச் 14, வியாழக்கிழமை முற்பகல், பேருந்து நிலையத்துக்கு எதிரே உள்ள கடிகாரக் கடையில், ஒரு கைக்கடிகாரத்தின் மேல் கதிர்வீச்சு மீட்டர் வைக்கப்பட்டது. எப்போதாவது ஒரு ‘டிக்’ தவிர அதில் சத்தமே இல்லை.

வைத்தவன் கடைக்காரரின் மைத்துனன். தொழிற்சாலை ஒன்றில் கதிர்வீச்சுப் பாதுகாப்புப் பிரிவில் வேலை பார்ப்பவன். கடிகாரம் அவனுடைய அப்பாவுடையது. கப்பலில் இன்ஜினியராக இருந்த காலத்தில் அரை வருடச் சம்பளத்தைக் கொட்டி வாங்கியது. அவர் போன பிறகு வருடக்கணக்கில் பீரோவுக்குள் ஓடாமல் கிடந்தது. அவனுக்கும் அக்காவுக்கும் பொதுச் சொத்து.

இருட்டில் ஒளிர வேண்டிய எண்களும் முட்களும் செத்துப்போயிருந்ததால், அக்கா புருஷனிடம் அதைக் கொடுத்திருந்தான். பழைய பூச்சில் கை வைக்கக் கூடாது, அதன் மேல் புதுப்பூச்சு போட்டால் போதும் என்று சொல்லித்தான் கொடுத்தான். அதற்கு முன் போட்டோ எடுத்துக்கொண்டான். மீட்டரையும் வைத்துப் பார்த்தான். அன்று அது கடுகு மாதிரிப் பொரிந்தது.

“என்ன மாமா, மூச்சே காணோம்?”

கடைக்காரர் கண்ணில் மாட்டியிருந்த லென்ஸைக் கழற்றாமலே, “பேட்டரி தீர்ந்திருக்கும்” என்றார்.

“புது பேட்டரி. பூச்சோட வெளிச்சம்தான் மங்கும் மாமா, அதுல இருக்கிற ரேடியம் நம்ம பேரப்பிள்ளைங்க காலத்துலயும் அப்படியே இருக்கும். அது எங்க போச்சு? இதே மாடலுக்கு ஒருத்தர் ஒரிஜினல் டயல் தேடிட்டு வந்தார்னு நீங்கதானே சொன்னீங்க?”

லென்ஸ் கழன்றது. கல்லாவில் இருந்த அக்கா எழுந்தாள்.

“டேய், நாக்குல நரம்பில்லாம பேசாத. அவரை டயல் திருடன்னு சொல்றியா?”

“நான் சொல்லலைக்கா. மீட்டர் சொல்லுது.”

கடைக்காரர் பின்னறைக்குப் போய் ஒரு தகர டப்பாவோடு வந்தார். உள்ளே வாய் அடைத்த சின்னக் கண்ணாடிக் குப்பி. அடியில் கொஞ்சம் பழுப்புப் பொடி. மீட்டரைக் கிட்டே கொண்டுபோனதும் அது பொரியத் தொடங்கியது.

“தொட்டா உதிர்ந்துச்சு மச்சான். மேல பூசினா நிக்காது. ஈரம் பண்ணி மொத்தத்தையும் சுரண்டிட்டுப் புதுசு வச்சேன். புதுசுல ரேடியம் கிடையாது.”

“இது எவன் வாட்ச்சுல சுரண்டினதோ!”

“ஆமாடா, உன் வாயை அடைக்க ஊர்ல உள்ள வாட்ச்சையெல்லாம் சுரண்டிட்டு அலைஞ்சாரு” என்றாள் அக்கா.

கடைக்காரர் கடிகாரத்தைத் திறந்து, முட்களை ஒவ்வொன்றாகத் தூக்கி எடுத்தார். வெளிறிய டயலில் இரண்டு பழுப்பு நிழல்கள் இருந்தன, ஒன்று நெடியது, ஒன்று குட்டை. ரேடியம் பூசிய முள் வருடக்கணக்கில் ஒரே இடத்தில் நின்றால் கீழே உள்ள டயலைக் கருக்கிவிடும்.

“உன் போட்டோவை எடு. முள் எங்க நிக்குதுன்னு பாரு.”

மைத்துனன் போனில் படத்தைப் பெரிதாக்கினான். நெடிய முள் நான்கின் மேலும், குட்டை முள் எட்டைச் சற்றுத் தாண்டியும் நின்றன. நிழல்களும் அங்கேயே இருந்தன. படத்தையும் டயலையும் மாறி மாறிப் பார்த்தான்.

“அப்பா டயல்தான்” என்றான். “தப்பா நினைச்சுட்டேன் மாமா.”

“கறைன்னு நீ சண்டைக்கு வருவேன்னுதான் முள்ளை அதே இடத்துல மாட்டி மறைச்சேன்.”

அக்கா புருஷனைத் திரும்பிப் பார்த்தாள்.

“அப்போ நேத்து நான் கேட்டப்ப, மேலதான் பூசினேன்னு ஏன் சொன்னீங்க?”

“சுரண்டினேன்னு சொன்னா நீ சும்மா இருந்திருப்பியா?”

“இருக்க மாட்டேன். அதனால பொய் சொன்னீங்க. இன்னும் எதையெல்லாம் முள்ளுக்கு அடியில வச்சிருக்கீங்க?”

“அக்கா, விடுக்கா...”

“நீ பேசாத. மாமாவை நம்பாம மீட்டர் தூக்கிட்டு வந்தவன் நீ.”

முள் இல்லாத கடிகாரத்தைக் கைக்குட்டையில் சுற்றிக் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

மாட்டித் தருகிறேன் என்று கடைக்காரர் இரண்டு முறை கேட்டார். வேறு கடையில் மாட்டித் தருகிறேன் என்று தம்பியும் கேட்டான். இருவரிடமும் அவள் அதைக் கொடுக்கவில்லை. இப்போது அது ஒரு வங்கி லாக்கரில் இருக்கிறது. முட்கள் கடையில் இருக்கின்றன.