"அப்பா" என்ற பெயரில் ஒரு கோப்பு ஏற்கெனவே இருக்கிறது

1.

இந்தக் கதை பிறந்தது ஓர் அச்சகத்துப் பிளாஸ்ரிக் கதிரையில். எழுதுகிறவர் குருநகர்க் கனிசியஸ், ஓய்வுபெற்ற ஆசிரியர். "நான்" என்று எழுதத் துணிவில்லாமல் தன்னைப் படர்க்கையில் தள்ளிவிட்டிருக்கிறார். நாளைக்கு யாராவது பிடித்துக் கேட்டால், அது வேறு கனிசியஸ் என்று தப்பிக்கலாம் அல்லவா?

முதலில் இப்படித் தொடங்கினார்: "அன்று குருநகர்க் கடல், மகனை இழந்த தாயைப்போல—"

[வெட்டியாயிற்று. இந்தக் கதைக்குக் காரணமான கிறகோரி, சலரோகம் முற்றி ஆஸ்பத்திரிக் கட்டிலில் செத்தவர். கடலுக்கு இதில் ஒரு வேலையும் இல்லை.]

பிறகு இப்படி: "அச்சு என்பது மனிதனின் நினைவுக்கும் மறதிக்கும் இடையே—"

[எழுதியவருக்கே கொட்டாவி வருகிறது.]

சரி, நேரே விஷயத்துக்கு வருவோம்.

2.

கிறகோரியின் முப்பத்தோராம் நாள் திருப்பலி இன்று பின்னேரம். வருகிற சனத்துக்கு நினைவுமலர் கொடுப்பது எங்கள் பக்கத்து வழக்கம். அதைத் தட்டெழுதித் தருகிறேன் என்று வலியப் போய்த் தலையைக் கொடுத்தார் கனிசியஸ். வாழ்க்கை வரலாறு என்று பக்கம் பக்கமாக எழுதித் தள்ளினார். [கிறகோரி வாழ்ந்தது ஒன்றரைப் பக்கம். மிச்சம் கனிசியஸ்.]

கிறகோரியின் மனைவி செபஸ்தியம்மா கேட்டது ஒன்றே ஒன்று.

"எழுத்தை ஆர் தம்பி வாசிக்கப்போகினம்? அவரின்ரை முகம் வடிவா வந்தால் போதும்."

கமராவைக் கண்டால் முகத்தைத் திருப்புகிற மனுசன் கிறகோரி. வலை தைத்துக்கொண்டிருந்தபோது மகள் களவாக எடுத்த ஒரு படத்தில் மட்டும் பல்லுத் தெரியச் சிரிக்கிறார். கனிசியஸ் அந்தப் படத்தை ஆவணத்துக்குள் வைக்கவில்லை. இணைத்தார்.*

* படத்தை உள்ளே வைக்காமல், கணினியில் அது எங்கே இருக்கிறது என்று மட்டும் குறித்துவிடுவது. அச்சடிக்கும்போது கணினி அங்கே போய்ப் படத்தை எடுத்துவரும். ஆளைக் கூட்டிக்கொண்டு போகாமல் விலாசத்தைக் கையில் கொடுத்துவிடுவதுபோல. ஆவணம் பாரமில்லாமல் இருக்கும் என்று யாரோ சொல்லக் கேட்டிருந்தார். அரைகுறையாகக் கேட்பது கனிசியசுக்குக் கைவந்த கலை.

3.

ஆவணத்தைப் பென்டிரைவில் போட்டுக்கொண்டு நகரத்து அச்சகத்துக்குப் போனார். படம் வீட்டிலேயே கிடந்தது. முகம் வருவதைக் கண்ணால் பார்க்கவேண்டும் என்று செபஸ்தியம்மாவும் கூட வந்தார். அச்சகத்தில் வேலை செய்கிற நிவேதனா, சரிபார்ப்பதற்காக முதல் பக்கத்தை மட்டும் ஒரு தாளில் அடித்து நீட்டினார்.

"உது ஆர் தம்பி?" என்றார் செபஸ்தியம்மா.

நெற்றி நிறையத் திருநீறு, நடுவில் சந்தனப்பொட்டு, கழுத்தில் உருத்திராக்கம். கீழே கொட்டை எழுத்தில்: ஆண்டவரில் இளைப்பாறும் கிறகோரி.

அவர் கோப்பாய் ஆழ்வாப்பிள்ளை என்றார் நிவேதனா. சைவர்களின் முப்பத்தோராம் நாளான அந்தியேட்டிக்கு அவருடைய மலரும் அதே கணினியில் அச்சுக்குக் காத்திருந்தது. கனிசியஸ் வீட்டுக் கணினியில் "நினைவுமலர்" என்று ஒரு கோப்புறை. அச்சகத்திலும் அதே இடத்தில் அதே பெயரில் ஒன்று. கிறகோரியின் மகள் அனுப்பிய படத்தின் பெயர் "அப்பா". ஆழ்வாப்பிள்ளையின் மகள் கொடுத்த படத்தின் பெயரும் "அப்பா". பிள்ளைகள் வேறு என்ன பெயர் வைப்பார்கள்? விலாசத்தோடு போன கணினி கதவைத் தட்டியது, அங்கே இருந்த அப்பா எழும்பி வந்துவிட்டார்.

[இந்த இடத்தில் செபஸ்தியம்மாவை அழவைத்து ஒரு பந்தி இருந்தது. பொய். வெட்டியாயிற்று.] அவர் அந்த முகத்தைக் கனநேரம் பார்த்துவிட்டு, ஆள் நல்ல மனுசன்போலத்தான் இருக்கிறார் என்று சொன்னார்.

கனிசியஸ் சைக்கிளை உழக்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடி, படத்தைக் கொண்டுவந்து அச்சகக் கோப்புறையில் தன் கையாலேயே போட்டார். அந்தப் பெயரில் ஒரு கோப்பு ஏற்கெனவே இருக்கிறது, மாற்றவா என்று கணினி மரியாதையாகக் கேட்டது. ஓம் என்று அமத்தினார். கிறகோரி சிரித்துக்கொண்டு வெளியே வந்தார். செபஸ்தியம்மா அவர் கன்னத்தை விரலால் தடவிப் பார்த்தார். இயந்திரம் ஓடத் தொடங்கியது.

4.

கதை இங்கே முடியவேண்டும். இயந்திரம் ஓடுகிற நேரத்தில் கனிசியஸ் குந்தியிருந்து முடிவுகளையும் எழுதிப் பார்த்தார்.

முடிவு அ: இனி எழுதுவதில்லை என்று சபதம் எடுக்கிறார். தமிழ் இலக்கியத்துக்கு ஒரு நட்டமும் இல்லை.

முடிவு ஆ: மதங்களைக் கடந்த மனிதநேயம் பற்றி ஒரு பந்தி. [சீ.]

முடிவு இ: திருப்பலிக்கு வந்த சனமெல்லாம் மலரைக் கையில்

"சேர், இஞ்சை ஒருக்கால் வாங்கோ," என்றார் நிவேதனா.

அடுத்த வேலைக்கு ஆழ்வாப்பிள்ளையின் மலரைத் திறந்திருந்தார். தேவாரத்துக்கு மேலே கிறகோரி பல்லுத் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார். நிவேதனாவும் இணைத்துத்தான் வைத்திருந்திருக்கிறார். கனிசியஸ் அமத்திய ஓம், ஆழ்வாப்பிள்ளையை அழித்துவிட்டது.

படத்தைத் திரும்ப வாங்கலாம் என்று நிவேதனா ஆறுதல் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, மலரை எடுத்துப்போக ஆழ்வாப்பிள்ளையின் மகள் பத்மாசினி படியேறி வந்துவிட்டார். விஷயத்தைக் கேட்டதும் நிவேதனாவிடம் சொன்னார்:

"படம் இருந்த போன் கிணத்துக்கை விழுந்திட்டுது அக்கா. முந்தினதெல்லாம் இடம்பெயர்வோடை போயிட்டுது. அப்பான்ரை முகம் அது ஒண்டுதான்."

கனிசியஸ் நழுவித் தன் கதிரைக்கே வந்து மறுபடி எழுதக் குனிந்துகொண்டார்.

5.

யோசித்தது செபஸ்தியம்மாதான். முதலில் பிழையாக அடித்த தாள் எங்கே என்று கேட்டார். முகம் அதில் தெளிவாகத்தான் விழுந்தது, ஸ்கான் பண்ணி எடுக்கலாம் என்கிறார் நிவேதனா. மூன்று பேரும் குப்பைக்கூடையைக் கிளறுகிறார்கள்.

தாள் கூடையில் இல்லை. கனிசியசின் முழங்காலில் இருக்கிறது. நீங்கள் வாசித்துக்கொண்டிருக்கிற இந்தக் கதை, முதல் வரியிலிருந்து, அதன் பின்பக்கத்தில்தான் எழுதப்படுகிறது. [வேறு கடதாசி கையில் அகப்படவில்லை. திட்டாதீர்கள்.] எழுத்து இப்போது எறும்பளவுக்குச் சிறுத்துவிட்டது.

கொடுத்தால் கதைக்கு முடிவு இல்லை. அதைவிட மோசம், அந்தப் பிள்ளை இதை வாசிக்கும். அதன் தகப்பனை அழித்துவிட்டு ஒருவன் குந்தியிருந்து பகிடி எழுதியதை வாசிக்கும். கனிசியசுக்கு வெட்கம் பிடுங்கித் தின்கிறது.

செபஸ்தியம்மா கண்டுவிட்டார்.

"குடுங்கோ தம்பி. கதை பிறகும் எழுதலாம். அந்தப் பிள்ளைக்குத் தேப்பன்ரை முகம் வேணும்."

வாசகரே, இது உங்கள் கைக்கு வந்திருக்கிறதென்றால் பத்மாசினி தாளை எறியவில்லை என்று அர்த்தம். முன்பக்கத்தில் தகப்பனைப் பார்த்தபின் இந்தப் பக்கத்தைத் திருப்பினாரா, திருப்பி என்ன சொன்னார் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். கோப்பாய்ப் பக்கம் போனால் கேட்டுப் பாருங்கள். எனக்குப் பயமாக இருக்கிறது. பத்மாசினி கையை நீட்டிவிட்டார்.

இந்தாங்கோ பிள்