குமிழிக்கு முன்னால் ஒரு செல்

மீன் சூப்பைக் குடித்துவிட்டு ஆய்வகத்துக்குத் திரும்பினேன். நுண்ணோக்கியின் திரையில் ஒரு காற்றுக்குமிழி.

மற்றவர்களுக்குக் குமிழி என்றால் ஒன்றுமில்லை. எங்கள் சேகெட் ஊரில் வைனில்கூடச் சோடா ஊற்றித்தான் குடிப்பார்கள். ஆனால் தலைமுடியைவிட மெல்லிய கால்வாய்கள் ஓடும் சிலிக்கோன் சில்லுக்குள் குமிழி நுழைந்தால், உள்ளே நாங்கள் வளர்க்கும் பாசிச் செல்களையெல்லாம் வழித்துக்கொண்டு போய்விடும். அன்றைக்கு அதன் வழியில், செல்லைப் பிடித்து நிறுத்தும் ஒரு குட்டிப் பொறிக்குள் இருந்தது ஒரே ஒரு செல்.

தழைச்சத்து இல்லாத நீரில் பட்டினி போட்டால்தான் பாசி உடம்பில் எண்ணெய் சேர்க்கும். வண்டி ஓட்டும் எரிபொருளுக்கு அந்த எண்ணெய்தான் வேண்டும். ஆனால் பட்டினி கிடக்கும் பாசி பெருகாது. பெருகாததை வைத்துக்கொண்டு நாக்கையா வழிப்பது? புற ஊதாக் கதிரில் காட்டி மாற்றிய செல்களை மாதக்கணக்காக ஓட்டிப் பார்த்ததில் இது ஒன்றுதான் சிக்கியது. பட்டினியிலும் பருத்துக்கொண்டு, பிளப்பதற்கும் தயாராக நின்றது. இதற்கு நகல் கிடையாது. போனால் போனதுதான்.

"டேய் சோங்கோர்! பம்புல இருக்கற பாட்டிலை யாருடா மாத்தினது?"

சில்லுகளை வார்த்து ஒட்டுவது சோங்கோரின் வேலை. என்னோடு ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவன்.

"நான்தான். தீர்ந்துபோற மாதிரி இருந்துச்சு. நீ ஒரு நாளாவது நிம்மதியா சாப்பிடட்டுமேன்னு..."

"எங்கேருந்து எடுத்தே?"

"ஃபிரிட்ஜ்லேருந்து."

சொன்ன பிறகுதான் அவனுக்கே உறைத்தது. முகம் வெளுத்துவிட்டது. குளிர்ந்த நீரில் காற்று நிறையக் கரைந்திருக்கும். சில்லின் சூட்டுக்கு வந்ததும் அதெல்லாம் குமிழியாக வெளியேறும். இந்தத் தொழிலில் எல்லோரும் ஒருமுறை செய்கிற தப்புதான். இவனுக்கு இது மூன்றாவது.

"நல்லா வச்சேடா என் நிம்மதிக்கு உலை!"

"திட்டறத அப்புறம் வச்சுக்கோ. மொதல்ல பம்பை நிறுத்து."

நிறுத்தினேன். ஆனாலும் குமிழி சூட்டில் உப்பிக்கொண்டே பொறியின் வாசலுக்கு வந்துவிட்டது.

"வெளிவாயை அடைச்சிட்டு அழுத்தம் குடுப்போம். காத்து சிலிக்கோன் வழியா கசிஞ்சு போயிடும்," என்றான்.

"அழுத்தத்துல ஒட்டு பிஞ்சா?"

"செல்லும் போச்சு."

"நீ ஒட்டினதுதானே? தாங்குமா?"

'தாங்கும்' என்று ஒரு பொய்யாவது சொல்வான் என்று எதிர்பார்த்தேன்.

"தெரியல, எமோகே. இதோட சேத்து ஒட்டினதுல ஒண்ணு பிஞ்சிடுச்சு."

வேறு வழியில்லை. வெளிவாயை அடைத்துவிட்டு அழுத்தத்தைக் கூட்டும் திருகைத் திருப்பினேன். குமிழியின் கறுத்த விளிம்பு பொறியை மறைத்துக்கொண்டது. செல் கண்ணில் படவே இல்லை.

"இன்னும் கொஞ்சம் ஏத்து."

"ஓரத்துல கசியுதுடா!"

"அது சும்மா ஈரம். ஏத்து!"

ஏற்றினேன். அதன்பிறகு செய்வதற்கு எதுவும் இல்லை. காபி ஆறி ஆடை கட்டியது. ஜன்னலுக்கு வெளியே டிராம்கள் போவதும் வருவதுமாக இருந்தன. குமிழி திரையில் பயறளவு ஆனது, பிறகு ஊசிமுனை அளவு, பிறகு காணவில்லை.

பொறியைப் பார்த்தேன். என் குண்டுச் செல் அங்கே இல்லை. அது இருந்த இடத்தில் மூன்று பொடிச் செல்கள் ஒட்டிக்கொண்டிருந்தன.

"போச்சு," என்றேன். "எங்கேருந்தோ கண்ட பாசி வந்து உக்காந்துடுச்சு. எல்லாம் போச்சு, சோங்கோர்." நாற்காலியில் உட்கார்ந்து அழுதேன்.

அவன் திரையை ஒட்டி நின்று பார்த்தான். எண்ணெயைக் காட்டும் ஒளிக்கு மாற்றினான். பொடிகள் ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு மஞ்சள் எண்ணெய்த் துளி ஒளிர்ந்தது.

"பாட்டில்ல வெறும் தண்ணிதான். கண்ட பாசி ஏது?" என்றான். "அது எங்கேயும் போகல, எமோகே. பெத்துடுச்சு."

எழுந்து அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டேன். திட்டவா கட்டிக்கொள்ளவா என்று தெரியவில்லை. கண்ணைத் துடைத்துவிட்டு மறுபடி எண்ணினேன். ஒரு செல் பிளந்தால் வழக்கமாக நாலு குட்டிகள் பிறக்கும். ஒன்று பொறியின் இடுக்கு வழியாக நழுவியிருந்தது.

சோங்கோர் பம்பின் பக்கம் கையை நீட்டினான். நீர் ஓடினால் மீதி மூன்று பொடிகளும் அதே இடுக்கு வழியாகப் போய்விடும். அந்தக் கையில் ஓங்கி ஓர் அடி வைத்தேன்.

"அதுங்க வளர்ற வரைக்கும் இந்த ரூம்ல நீ மூச்சுகூட விடாதே!"